செப்பேட்டுச் சொல்லும் அன்றாட வழக்கும்: மட்டாஞ்சேரிச் சான்றுகளை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

அன்றாட வாழ்வுக்கு வரலாறு எதற்கு என்னும் வினாவுக்குப் பாடநூல்கள் தரும் விடை ஏறத்தாழ ஒன்றே. முன்னோர் செய்த பிழைகளை நாம் தவிர்க்கலாம் என்பதே அது. அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அவ்விடை ஒருவாறு பொருந்தலாம். கடைத்தெருவில் சரக்கு நிறுப்பவனுக்கும், மகளுக்கு வரன் பார்ப்பவனுக்கும், வழிபாட்டிடத்தில் எந்த வரிசையில் அமர்வது என்று தயங்கி நிற்பவனுக்கும் அது பயன்படுவதாகத் தெரியவில்லை. அத்தகையோரிடம் வரலாறு பாடமாக வருவதில்லை, சொல்லாக வருகின்றது. ஒரு நூற்றாண்டில் உரிமையைக் குறித்த சொல் மற்றொரு நூற்றாண்டில் ஆடையையோ ஏளனத்தையோ குறிக்கும்போது, இடையில் நடந்ததை அறியாத மொழிபெயர்ப்பாளன் பிறருடைய உரிமையையே மாற்றி எழுதிவிடுகிறான். இக்கருத்தை மட்டாஞ்சேரியில் பாதுகாக்கப்பட்டுவரும் யூதர் செப்பேட்டையும் அதன் பெயர்ப்புகளையும் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மட்டாஞ்சேரி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையை, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்த காரணத்தால், ஊரார் இன்றும் ‘டச்சு அரண்மனை’ என்கின்றனர். அதன் அருகில் 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி உள்ளது. கொச்சங்காடியில் 1344இல் கட்டப்பட்ட பழைய யூதப் பள்ளியின் எபிரேயக் கல்வெட்டு இப்பள்ளியின் மதிலில் பதிக்கப்பட்டிருக்கின்றது. பெயரும் பொருளும் இடம் மாறுவது இவ்வூருக்குப் புதிதன்று.

செப்பேடும் அதன் மொழியும்

சேரப்பெருமாள் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுவது இச்செப்பேடு. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம் பயன்படுத்தப்பட்டுள்ளது. உள்ளூர் மரபு இதற்கு கி.பி. 379 என்றும், வேறு சில கணக்குகள் 490 என்றும் காலம் கூறின. பெருமாள்களின் ஆட்சியாண்டுகளை ஒழுங்குபடுத்திய எம்.ஜி.எஸ். நாராயணன், 1972இல் வெளியிட்ட தம் நூலில் இதனை கி.பி. 1000 என நிறுவினார். ஆய்வுலகம் பெரும்பாலும் அதனையே ஏற்றுள்ளது.

இதன் மொழி தமிழா, மலையாளமா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. ‘குடுத்தோம்’, ‘விட்டோம்’ என வினைமுற்றுகள் தன்மைப் பன்மை விகுதி ஏற்று நிற்கின்றன. மலையாளம் பின்னர் இழந்த கூறு இது. அதே ஏட்டில் ‘பிரசாதிச்சருளிய’ என அண்ணச்சாயல் பெற்ற வடிவமும் உண்டு. அது மேற்குக் கரை வழக்கின் அடையாளம். இருமொழியாரும் தத்தமக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துக்காட்டி வாதிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கில் நேரத்தைச் செலவிட இக்கட்டுரை விரும்பவில்லை. தமிழ் வாசகனுக்கு இந்த ஏட்டின் சொற்களில் பெரும்பாலானவை தெரிந்தவையாகவே தோன்றும் என்பதே இங்கு முதன்மையானது. தெரியாத சொல்லை நாம் அகராதியில் தேடுகிறோம். தெரிந்த சொல்லைத் தேடுவதில்லை. இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

‘கோயில்’ என்னும் சொல்லைக் காண்க. மற்றக் குடிகள் கோயிலுக்கு இறுக்கும் வரியை இரப்பான் இறுக்க வேண்டியதில்லை என்கிறது ஏடு. இற்றைத் தமிழ் வாசகன் இதனைப் படித்தால், யூத வணிகனுக்கு இந்துக் கோயில் வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது என்றும், அது சமயப் பொறைக்குச் சான்று என்றும் மகிழ்ந்து எழுதிவிடுவான். ஏட்டில் கோயில் என்பது கோவின் இல்லமாகிய அரண்மனையே. மலையாளத்தில் அரசகுலத்தார் மனையைக் ‘கோவிலகம்’ என்று கூறும் வழக்கு அப்பொருளை இன்றும் காத்து நிற்கின்றது. சமயப் பொறைக்கு இந்த ஏட்டில் வேறு சான்றுகள் உள்ளன. இல்லாத இடத்தில் அதனைத் தேடிக் கொணர வேண்டியதில்லை.

‘பாவாடை’யும் அத்தகையதே. ஏட்டில் வரும் சிறப்புரிமைகளுள் பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் முதலியன எண்ணப்படுகின்றன. பாவு என்னும் வினையடியாகப் பிறந்த பாவாடை இங்கு நடப்பதற்கு விரிக்கும் துணி. ‘நடைபாவாடை’ என்ற தொடரும், துணியை விரித்து அதன்மேல் அன்னம் படைக்கும் ‘திருப்பாவாடை’ என்ற கோயில் வழக்கும் இப்பொருளுக்கு உறுதுணை. பகல்விளக்கு என்பது பகலிலும் விளக்கேந்திச் செல்லும் பெருமை. விளக்கு தேவையற்ற நேரத்தில் எரிவதே அதன் பயன்! உல்கும் துலாக்கூலியும் விடப்பட்டன என்ற தொடருள், உல்கு என்னும் சுங்கச் சொல் திருக்குறளில் ஆளப்பட்டது, இன்று வழக்கிறந்தது. துலாக்கூலி என்பது நிறுவைக்குரிய கட்டணம். 1957 முதல் மிளகு முன்பேர வணிகம் நடந்த யூதத் தெருவில் இத்தொடரை விளக்க உரையாசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

அஞ்சுவண்ணம் பட்ட பாடு

மேற்கூறியவை எளிதில் திருத்தத்தக்க பிழைகள். ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல் விளைத்தது அத்தகையதன்று. ஏடு இரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தை அளிக்கின்றது. அளிக்கப்படுவது நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதிய பழைய மொழிபெயர்ப்பாளர் பலர் அதனை ஓர் ஊராகவும், சிற்றரசாகவும் பெயர்த்தனர். பகல்விளக்கும் குடையும் பல்லக்கும் உடையவன் அரசனாகத்தான் இருக்க முடியும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டும் கூடிக் கொடுங்கல்லூரில் ஒரு யூத அரசு ஆண்டது என்னும் கதை உரம் பெற்றது.

ஏட்டின் பொருளை அறியும் ஆவல் ஐரோப்பியரிடம் மிகுந்திருந்தது. 1750களின் இறுதியில் கொச்சிக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தில் துப்பெரோனும், 1781இல் தம் பதவிக்கால அறிக்கையை எழுதிய டச்சு ஆளுநர் மூன்ஸும் இந்த ஏட்டைப் பற்றி எழுதியுள்ளனர். குண்டர்ட் 1844இல் சென்னையில் வெளிவந்த இதழொன்றில் சொற்பகுப்புடன் பெயர்த்தார். ஹுல்ட்ஷ் 1890களில் மூலவாசகத்தைக் கல்வெட்டியல் முறைப்படி பதிப்பித்தார். குண்டர்ட்டின் மலையாள அறிவையோ ஹுல்ட்ஷின் எழுத்தறிவையோ எவரும் குறைகூற இயலாது. அவர்களிடம் இல்லாதிருந்தது ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய பிற கல்வெட்டுகளே. சொல்லின் வடிவை மட்டும் நோக்கினால் அஞ்சு என்பது ஐந்து, வண்ணம் என்பது நிறம் அல்லது வருணம்; எனவே ஐந்து சாதியார் என்று கொள்ளலாம் என்றோர் உரையும் தோன்றியது.

849ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் மணிக்கிராமத்தோடு இணைந்து வருகின்றது. அங்குச் சிரியக் கிறித்தவர் பள்ளி தொடர்பான கடமைகள் இவ்விரு அமைப்புகளிடமும் ஒப்படைக்கப்படுகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துத் தீர்த்தாண்டதானத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அது வணிகக் குழுக்களின் வரிசையில் இடம்பெறுகின்றது. கொங்கணக் கரை ஆவணங்களில் ‘ஹஞ்சமன’ என்னும் வடிவம் காணப்படுகின்றது. இவற்றை ஒருங்கே நோக்கினால், கூட்டம், சங்கம் என்னும் பொருளுடைய ‘அஞ்சுமன்’ என்ற பாரசீகச் சொல்லே தமிழ்க் காதுக்கு ஏற்ப அஞ்சுவண்ணமாயிற்று என்பது தெளிவாகும். மேற்காசியக் கடல் வணிகர்களின் சங்கம் அது. யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் என அதன் உறுப்பினர் காலத்துக்கும் துறைமுகத்துக்கும் ஏற்ப வேறுபட்டனர். எ. சுப்பராயலு 2009இல் வெளிவந்த கட்டுரையில் இச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்துள்ளார்.

பொருள் புரியாத அயற்சொல்லுக்கு மக்கள் தம் மொழியிலேயே வேர் கற்பித்துக்கொள்ளும் இயல்பை மொழியியலார் நன்கறிவர். அஞ்சுவண்ணம் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆயினும் அதனோடு நின்றுவிடவில்லை. அப்பாரசீகச் சொல் இரண்டாம் முறையும் தமிழகம் வந்தது. உருது வழியாக வந்த ‘அஞ்சுமன்’ இன்று முஸ்லிம் அறநிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் காணப்படுகின்றது. முதன்முறை வந்த வடிவமோ தென்கோடியில் உயிரோடிருக்கின்றது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்னும் நாவலின் தலைப்பை அறியாத தமிழ் வாசகர் குறைவு. அதனைப் பிறமொழியில் ‘ஐந்து நிறத் தெரு’ என்று பெயர்ப்பவர் இலக்கணப்படி பிழை செய்தவராகார். ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுக் கடல் வணிகத்தை ஒரு சாயப்பட்டறையாக்கிவிடுவார்.

மருமக்கள் யார்?

மொழிபெயர்ப்பாளர்கள் சற்றே நின்று நோக்க வேண்டிய மற்றோரிடம் உரிமையின் வழிமுறையைக் கூறும் பகுதி. உரிமைகள் இரப்பானின் ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களைக் கொண்ட மருமக்களுக்கும் தொடரும் என்கிறது ஏடு. மருமக்கள் இருமுறை வருகின்றனர். கூறியது கூறலாகக் கொண்டு ஒன்றை நீக்கிச் சுருக்குவது பதிப்பாசிரியரின் கைப்பழக்கம். இங்கு அது பெரும்பிழையாகும்.

தமிழ்நாட்டின் உறவுமுறையில் ஆண் ஒருவனுக்கு உடன்பிறந்தாள் மகன் மருமகன். மகளை மணந்தவனும் மருமகனே. முறைமணம் வழங்கும் குடியில் இருவரும் ஒருவராக இருத்தல் கூடும் என்பதால் சொல்லும் ஒன்றாயிற்று. கேரளத்தில் தாய்வழிச் சமுதாயங்களில் சொத்துரிமை உடன்பிறந்தாள் மக்களுக்குச் சென்றது. ‘மருமக்கத்தாயம்’ என்னும் பெயரே அதனால் வந்தது. அச்சூழலில் எழுதிய ஏட்டாசிரியன் முதலில் மருமக்கள் என்று கூறி உடன்பிறந்தாள் மக்களைக் குறித்தான். அடுத்துப் ‘பெண்மக்களைக் கொண்ட’ என்னும் அடைகொடுத்து மணவழி மருமக்களைப் பிரித்துக் காட்டினான். தந்தைவழியும் தாய்வழியும் மணவழியும் ஆகிய மூன்றும் ஒரே தொடருள் அடக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டு வணிகனின் குடும்பத்தில் எம்முறை வழங்கினாலும் உரிமை அற்றுப்போகாதவாறு சட்டமொழி அமைக்கப்பட்டுள்ளது எனலாம். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளமையால் ஹுல்ட்ஷ் இடர்ப்படவில்லை. தற்காலத் தமிழில் பெயர்ப்போரே இடர்ப்படுவர் என்பது வியப்புக்குரியது: மூலத்துக்கு மிக அண்மையில் நிற்கும் மொழியிலேதான் இந்த நுட்பம் எளிதில் மறைந்துபோகின்றது.

பரதேசியும் பள்ளியும்

‘பரதேசி’ என்னும் சொல் தமிழில் இன்று வசை. வேற்று நாட்டான் என்னும் முதற்பொருளிலிருந்து வழிப்போக்கன், துறவி, இரந்துண்பவன் எனப் படிப்படியாக இறங்கி, உறவற்றவனைத் திட்டும் சொல்லாயிற்று. மட்டாஞ்சேரியில் அது அவ்வாறு இறங்கவில்லை. ஸ்பெயின், சிரியா, ஈராக் முதலிய நாடுகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டளவில் வந்து குடியேறிய யூதர் ‘பரதேசி யூதர்’ எனப்பட்டனர். அப்பெயரில் அவர்களுக்குப் பெருமையே இருந்தது. கேரளத்தில் குடியேறிய தமிழ்ப் பிராமணரும் பரதேசிப் பிராமணர் என்றே குறிக்கப்பட்டனர் என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளுதல் நன்று. ரப்பான் என்னும் சிறப்புப்பெயர் ரகரத்தை மொழிமுதலாக்காத நம் மரபுக்கேற்ப இகரம் பெற்று இரப்பானாயிற்று. பெயர் விளங்காத தமிழன் ஒருவன், பல்லக்கேறிய அப்பெருவணிகனை இரவலனாகவும் அவன் இனத்தாரைப் பரதேசிகளாகவும் படித்துவிடக்கூடும்.

‘பள்ளி’ வேறு வகையில் சிக்கலானது. சமணர் உறைவிடமாகத் தொடங்கிய இச்சொல் தமிழில் கல்விக்கூடத்தையும், அரசர் துயிலிடத்தையும், பள்ளிவாசல் என்ற கூட்டுச்சொல்லில் முஸ்லிம்களின் தொழுகையிடத்தையும் குறிக்கின்றது. மலையாளத்தில் கிறித்தவர், முஸ்லிம்கள், யூதர் ஆகிய மூவர் வழிபாட்டிடமும் பள்ளியே. யூதப் பள்ளியைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? பழைய விவிலியப் பெயர்ப்பில் ‘ஜெப ஆலயம்’ என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தொழுகைக்கூடம்’ என்றும் உள்ளன. விவிலியத்துக்கு அவை பொருந்தலாம். மட்டாஞ்சேரியைப் பற்றி எழுதுகையில் ‘யூதப் பள்ளி’ என்பதே ஏற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மூன்று சமயத்தாரும் ஒரே சொல்லின் கீழ் வாழ்ந்தனர் என்ற செய்தியை அச்சொல் ஒன்றே தாங்கி நிற்கின்றது. பெயர்ப்பில் அதனை இழக்கத் தேவையில்லை.

அமரும் இடமும் ஏட்டுரிமையும்

இவை யாவும் அறிஞர் பொழுதுபோக்கு என்று கருதுவோர், இந்த ஏடு கொச்சி யூதர் வாழ்வில் என்ன செய்தது என்பதை நோக்குதல் வேண்டும். ஏடு பரதேசிப் பள்ளியின் காப்பில் இருந்தது. மலபாரி யூதர் எனப்பட்ட தொன்மைக் குடியினரோ அது தம் முன்னோருக்கு அளிக்கப்பட்டது என்றனர். யார் இரப்பானின் வழியினர் என்ற வினா, யார் யாரோடு மணவுறவு கொள்ளலாம், எவர் பள்ளியில் எவர் முழு உறுப்பினர் என்னும் வினாக்களோடு பிணைந்தது. ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்று அயலார் எழுதிய நூல்களில் நிலைபெற்ற பாகுபாடு இவ்வழக்கின்மேல் நிறத்தையும் பூசியது. செப்பேட்டில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அஞ்சுவண்ணத்திலுள்ள வண்ணம்கூட நிறமன்று என்பதை மேலே கண்டோம்.

கி.பி. 1000 என்ற காலத்தை ஏற்றால், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் மூல உரிமையாளராதல் எவ்வாறு? தம்மைப் பரதேசி என்று பெருமையோடு கூறிக்கொண்ட அதே வாயால் இரப்பானின் உரிமையையும் கோருதல் முரணாகும். ஆயினும் அவர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் இயலும். பழங்குடிப் பெண்களை மணந்த வந்தேறிகள், ‘பெண்மக்களைக் கொண்ட மருமக்கள்’ என்ற தொடருள் அடங்குவர் அல்லவா? பதிப்பாசிரியன் கூறியது கூறலென்று நீக்க முற்படும் தொடர் ஒன்றே அவ்வாதத்துக்கு இடந்தருவது. ஒரு சமுதாயத்தின் உட்பூசலில் எப்பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாளன் வேலையன்று. இரு பக்கத்தாரும் வாதிடுவதற்குரிய சொற்களை முழுமையாக விட்டுவைப்பதே அவன் கடமை.

இவ்விரு பிரிவினர்க்கும் புறம்பாக மற்றொரு கூட்டத்தார் இருந்தனர். பரதேசியரிடம் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழியினர், பரதேசிப் பள்ளியில் சமமாக அமரவோ மறைநூல் ஓதவோ உரிமையின்றி நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவராகிய வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் அறவழியைப் பள்ளிக்குள்ளேயே கையாண்டு போராடினார். ‘யூதக் காந்தி’ எனவும் அழைக்கப்பட்டார். எந்த இருக்கையில் அமர்வது என்பதைவிட அன்றாடமான செய்தி வேறில்லை. ஆனால் அவ்விருக்கை மறுக்கப்பட்டது பரம்பரை பற்றிய வரலாற்றுக் கூற்று ஒன்றைக் காட்டித்தான். வரலாறு தமக்கு வேண்டாம் என்று விலகி நிற்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். சொல்லின் பழம்பொருளே உண்மைப் பொருள் என்று வாதிடுவது மொழியியலுக்கு ஒவ்வாதது. வழக்கே பொருளைத் தீர்மானிக்கும். தடை நேர்மையானது. பாவாடையை இன்று விரிதுணி என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை. பரதேசி என்று திட்டுபவனிடம் சொற்பிறப்பு கூறிப் பயனுமில்லை. கேட்கப்படுவது பழம்பொருளுக்கு முதன்மையன்று. எந்தக் காலத்து வழக்கு, எவ்வூர் வழக்கு என்று கேட்டபின் பெயர்த்தலே. மட்டாஞ்சேரி வழக்கும் மதுரை வழக்கும் ஒரே நூற்றாண்டிலேயே வேறுபடுகின்றன என்பதைப் பரதேசி காட்டிற்று.

நாட்டு விடுதலைக்குப் பின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொச்சி யூதர் பெரும்பாலும் 1950களில் இஸ்ரேலில் குடியேறினர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி, 1544இல் எழுந்ததாகக் கூறப்படுவது, பண்டகசாலையாகப் பயன்பட்டு 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017 சூலையில், இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது இச்செப்பேட்டின் படியொன்றை அந்நாட்டுப் பிரதமருக்கு அன்பளிப்பாக வழங்கினார். அரசுகள் ஏட்டைக் கைமாற்றிக்கொள்ளும்போது அதன் பொருளும் உடன் செல்ல வேண்டும். குறிப்புரையுடன் கூடிய செம்மையான தற்காலத் தமிழ்ப் பெயர்ப்பு ஒன்று இந்த ஏட்டுக்குத் தேவை. அதனை மேற்கொள்வோர் அஞ்சுவண்ணத்தைப் பெயர்க்காமல் விட்டுக் குறிப்பில் ‘வணிகர் சங்கம்’ என விளக்கலாம். கோயில் ‘அரண்மனை’ எனப்படுதல் வேண்டும். எழுபத்திரண்டு விடுபேறு என்னும் தொடரில் விடுபேறு, குறிலாகப் படித்தாலும் நெடிலாகப் படித்தாலும், வீடு என்னும் முத்திப் பொருளைத் தராது. அரசன் விட்டுக்கொடுத்துப் பெற்ற உரிமை என்பதே அங்குப் பொருள். அவ்வெழுபத்திரண்டும் ஏட்டில் தனித்தனியே எண்ணப்படவில்லை. பெயர்ப்பாளர் அவற்றைத் தாமே நிரப்பித் தருதல் கூடாது. மருமக்கள் இருமுறையும் வர வேண்டும்: முதலில் ‘உடன்பிறந்தாள் மக்கள்’ என்றும், அடுத்து ‘மகளிரை மணந்த மருமக்கள்’ என்றும்.